ரத்தம் சிந்தாத சேர்ப்பு

ராஜப்பா சார் இன்றைக்குப் பார்த்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும்? மனிதருக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? பட்டியலில் மூன்றாவதாக விழுந்திருக்கிறார். மூன்றாவது என்றால் எப்படியும் மூக்கு. மூக்கு ரத்தம் காலரில் இறங்கினால் சோப்புக்குப் போகாது. வீட்டில் அந்தம்மா எவ்வளவுதான் ஊற வைப்பார்? போன மாதமே நான்கு சட்டையைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டதாகச் சொன்னார்களே.

ஐடா இதில் ஒரு வார்த்தையையும் வெளியே சொல்லவில்லை. ஒன்பதரை மணிக்குப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் நான்கு ஊசி குத்தி மாட்டினாள். தன் மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடியை ஜன்னல் மேல் ஏற்றினாள். டெட்டால் பாட்டிலின் மூடியைத் தளர்த்தி வைத்தாள். பிறகு சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

பட்டியலில் மூன்றே வரிகள். ஒன்று, வினய். இரண்டு, சரத். மூன்று, ராஜப்பா. மூவரும் வந்து படித்தார்கள். ராஜப்பா தன் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, உறையை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். அதற்குள் சரத் நாற்காலியைத் தூக்கிவிட்டிருந்தார்.

மூக்குதான்.

அது திறந்த கர்னல் ஒருங்கிணைப்பு மையம். உரிகத்தில், தங்கச் சுரங்கக் கம்பெனி கைவிட்ட ஒரு பழைய ஸ்டோர் கட்டடத்தில் ஓராண்டுக்கும் சற்று முன்பு தொடங்கப்பட்டது. கர்னல் என்பது இயந்திரத்துக்கும் அதன் மேல் ஓடும் மற்ற நிரல்களுக்கும் நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் ஆதார நிரல். ஆளையும் பாரத்தையும் தூக்கி இறக்கும் வின்ச்சுகளுக்கென்று அப்படி ஒரு கர்னலை எழுதி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைப்பது மையத்தின் குறிக்கோள். திறந்துதான் வைத்திருந்தார்கள். இதுவரை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

கர்னலை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு எழுதினார்கள். அவர்களுக்குப் பராமரிப்பாளர் என்று பெயர். பிரேக் சரத்துடையது. கூண்டு எங்கே ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது ராஜப்பாவுடையது. எந்த வேலை எந்த நொடியில் நடக்க வேண்டும் என்ற நேரக்கணக்கு வினயுடையது. ஒவ்வொருவரும் கர்னலின் ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொண்டு தன் பங்கை அதில் திருத்துவார்கள். அந்த நகலுக்குக் கிளை என்று பெயர். தினமும் காலையில் மூன்று கிளைகளும் மூன்று ஃபிளாப்பிகளில் ஐடாவின் மேஜைக்கு வரும். அவள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே கர்னலாக்கி, முற்றத்தில் நிற்கும் சோதனை வின்ச்சுக்கு அனுப்ப வேண்டும். வின்ச் ஒரு கூண்டை அறுபது அடி உயரத்துக்கு ஏற்றி இறக்கும். கூண்டு ஒழுங்காக வந்து சேர்ந்தால் அன்றைய சோதனை முடிந்தது. சாயங்காலம் அந்தச் சேர்ப்பை அழித்துவிட்டு, மறுநாள் புதிய கிளைகளை வைத்து முதலிலிருந்து தொடங்குவாள்.

முறையில் ஒரு குறையும் இல்லை. தனியாக நன்றாக ஓடுவது சேர்ந்தும் ஓடுகிறதா என்று அன்றன்றைக்கே தெரிந்துவிடும். ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த ஐடாவுக்கு, முதல் வாரத்தில் இது கிட்டத்தட்ட அழகாகவே தோன்றியது.

பிறகுதான் முதலில் யார் என்ற கேள்வி வந்தது.

முதலில் சேரும் கிளைக்கு எந்தத் தொல்லையும் இல்லை, அது காலி மனையில் குடியேறுவது போல. அடுத்து வருபவரும் அதே வரியைத் திருத்தியிருந்தால் இரண்டும் ஒட்டாது. அப்போது பின்னால் வந்தவர்தான் முன்னவர் எழுதியதற்கு ஏற்பத் தன்னுடையதை மாற்றிக்கொண்டு வர வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் மூவரில் ஒருவரும் இன்னொருவருக்கு ஏற்ப எதையும் மாற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் அல்ல.

பணிமூப்புப்படி வைக்கலாம் என்றார் இயக்குநர் மனோகர். மூவரும் ஒரே நாளில் சேர்ந்திருந்தார்கள். அகர வரிசை என்றதும் பத்தே நாளில் கோர்ட்டு முத்திரையோடு வினய் அபிநவ வினய் ஆனார். மறுநாள் சரத் விசைப்பலகையால் அவர் தலையில் அடித்தார். பொத்தான்கள் நாலா பக்கமும் சிதறின. மதியம் ஐடாவின் தயிர்சாதத்திலிருந்து ஒரு பொத்தான் கிடைத்தது. அதன் பிறகு தினமும் ஐடாவே வரிசையை எழுதி மாட்டுவது என்றும், அதில் பின்னால் விழுந்தவர் முடிந்தால் அடித்து முன்னால் வரலாம் என்றும் ஆயிற்று.

மனோகர் பெரிய தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். அடிதடியைக் கண்டு அவர் பதறவில்லை. பதினான்காம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டார். அடிப்பதற்கு அலுவலகப் பொருளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்திய பொருளைத் துடைத்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். கண்ணில் குத்தக் கூடாது, கண் திரையைப் பார்க்கத் தேவை. விரலை ஒடிக்கக் கூடாது, விரல் தட்டச்சுக்குத் தேவை. மற்ற உறுப்புகளைப் பற்றிச் சுற்றறிக்கை எதுவும் சொல்லவில்லை. பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் மட்டும், தரையைக் கழுவ முடியாத காரணத்தால், சண்டையை வெளியே சரளைக்கல் மேல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு குறிப்பு இருந்தது.

ஆயுத பூஜையன்று அவர் பேசினார். மூன்று பராமரிப்பாளர்களும் கட்டுப் போட்ட தலைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த நாட்டுல எந்த ஆபீஸ்லயாவது நான்தான் முதல்ல வேலை செய்வேன்னு அடிச்சுக்கிட்டதைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். "எல்லா இடத்திலும் வேலை செய்யாம இருக்கத்தான் அடிச்சுக்குவாங்க. இங்க பல்லு போகுது, எலும்பு போகுது, ஆனா வேலை நிக்கலை. இதை நான் ஏன் தடுக்கணும்? என்னை யாரும் அடிக்கலையே."

கைதட்டினார்கள். வினய் ஒரு கையால் தொடையில் தட்டினார். இன்னொரு கை தூளியில் இருந்தது.

அதன் பிறகு மையம் வளர்ந்தது. வினய்க்குக் கை சரியில்லாததால் கடிக்கத் தொடங்கினார். ராஜப்பாவின் தோளில் பல் இறங்கி, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எது கடித்தது என்று கேட்டார். கம்ப்யூட்டர் எஞ்சினியர் என்று ராஜப்பா உண்மையைச் சொன்னார். டாக்டர் சற்று யோசித்துவிட்டு நாய்க்கடி ஊசியையே போட்டார். ராஜப்பா இதை மனதில் வைத்துக்கொண்டு, தன் கிளைக்குத் துணைப் பராமரிப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வில் எடைபோடும் இயந்திரம் வைக்கப்பட்டது. ஆண்டர்சன்பேட்டையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திவந்த சின்னசாமி தேர்வானான். ஃபிளாப்பியை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்பது கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் தொடர்ந்து பத்தொன்பது நாட்கள் ராஜப்பாவின் கிளைதான் முதலில் சேர்ந்தது. அடித்து முடித்ததும், யாரைச் சாய்த்தானோ அவரைத் தூக்கி உட்கார வைத்து, "தப்பா எட்த்துக்காதீங்க சார், ட்யூட்டி" என்று அவர் தலையைத் தடவிக் கொடுப்பதை ஐடா பார்த்திருக்கிறாள்.

நடுவில் பிரேசிலிலிருந்து யாரோ ஒருவர் மின்னஞ்சலில் மூன்று வரித் திருத்தம் ஒன்றை அனுப்பினார். நல்ல திருத்தம். வெளியிலிருந்து வந்த முதல் பங்களிப்பு. சேர்ப்பு வரிசையில் கலந்துகொள்ள நேரில் வர வேண்டும், வரும்போது உடல்தகுதிச் சான்றிதழும் ரத்தப் பிரிவும் கொண்டுவர வேண்டும் என்று மையம் பதில் எழுதியது. அவரிடமிருந்து அப்புறம் தகவல் இல்லை. பங்களிப்பாளருக்கு ஆர்வம் போதாது என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

ஐடாவை யாரும் அடித்ததில்லை. முதலில் அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு உறுத்தத் தொடங்கியது. வரிசையை எழுதுவது அவள். ஒன்பதரை மணிக்குப் பேனாவை மூடும்போது யாருக்கு எங்கே வலிக்கப்போகிறது என்பது கட்டடத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் சரத், இந்தப் பெண் செய்வது என்ன பெரிய வேலை, தபால்தலை ஒட்டுவது போலத்தானே என்று அவள் காதுபடச் சொன்னார். மறுநாள் அவரைக் கடைசியில் போட்டாள். காரணம் கேட்டால் சொல்ல ஒரு காரணத்தையும் தயாராக வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. சரத்தின் முன்பல் ஒன்று பிரிண்டருக்கு அடியில் போய் விழுந்தது. அவள் துடைப்பத்தால் அதை வெளியே தள்ளி எடுத்தாள், கை கழுவினாள், சாப்பிட உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது, இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். குழம்பு எப்போதும் போலத்தான் இருந்தது. ருசித்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை எழுதினாள். அப்படியும் எழுதுவது தன் கைதான் என்ற நினைப்பு போகவில்லை. ரத்தத்துக்குத் தான் இவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டோமே, இதற்குப் பெயர் தைரியமா, வேறு ஏதாவதா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பாள். விடை கிடைப்பதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிடும்.

சோதனைக் கூண்டில் ஏறுபவர் முனிரத்தினம். முப்பது வருடம் சுரங்கத்தில் வேலை செய்தவர். கூண்டில் பாரம் இருந்தால்தான் சோதனை செல்லும் என்பது விதி. மணல் மூட்டை வாங்க டெண்டர் விட வேண்டும், அந்தக் கோப்பு பெங்களூரில் இருந்தது. முனிரத்தினம் ஏற்கெனவே மஸ்டரில், அதாவது கூலிப் பதிவேட்டில், இருந்தார். ஆகவே பாரம் அவர்தான். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் கூண்டு எட்டடி உயரத்திலிருந்து விழுந்து அவருக்குக் கணுக்கால் முறிந்தது. 'சரக்குக்கு லேசான சேதம்' என்று அறிக்கையில் எழுதினார்கள். அதிலிருந்து நொண்டியபடி ஏறினார்.

"இன்னா ஐடாம்மா, இன்னைக்கு எத்தினி தையலு?" என்று தினமும் கேட்பார். அவள் எண்ணிக்கையைச் சொல்வாள். "நம்ம மைன்ஸே தேவல போலக்கீது" என்று சிரித்துக்கொண்டு கூண்டுக்குள் போவார்.

ஜனவரி மாதம் டில்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. மனோகர் கட்டடம் முழுவதும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சுவரில் சில கறைகள் சுண்ணாம்புக்கும் அடங்காததால் அங்கே தேசத் தலைவர்களின் படங்கள் மாட்டப்பட்டன. பிறகு கூட்டம் போட்டு ஒரே ஒரு உத்தரவு போட்டார். குழு வரும் நாளில் சண்டை கூடாது. அதற்கு வழி, யாரும் அடுத்தவர் கோப்பைத் தொடக் கூடாது. பிரேக்குக்காரர் பிரேக் கோப்பில் மட்டும், கூண்டுக்காரர் கூண்டுக் கோப்பில் மட்டும், நேரக்காரர் நேரக் கோப்பில் மட்டும் எழுத வேண்டும். அடுத்தவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கவும் கூடாது.

பார்க்கவில்லை. ஒரு வாரம் மூவரும் மூன்று அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்கள்.

குழு வந்த அன்று காலையில் ஐடா மூன்று ஃபிளாப்பிகளையும் சேர்த்தாள். ஐம்பது நொடியில் மூன்றும் ஒன்றாயின. ஒரு வரிகூட இன்னொரு வரியை உரசவில்லை. மையத்தின் வரலாற்றில் ரத்தம் சிந்தாத முதல் சேர்ப்பு. யார் முதலில் என்று யாரும் கேட்கவில்லை. கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருந்த சின்னசாமி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவன் கையில் பன்னீர்ச் சொம்பைக் கொடுத்து வாசலுக்கு அனுப்பினார்கள். மனோகர் ராபர்ட்சன்பேட்டைக்கு ஆள் அனுப்பி மைசூர்பாகு வரவழைத்தார்.

கட்டுப் போட ஆளில்லாததால் ஐடாவுக்குப் படிக்க நேரம் கிடைத்தது.

இத்தனை மாதமாக அவள் கிளைகளைப் படித்ததே இல்லை. ஒட்டாத இடங்களை மட்டும் பார்ப்பாள், அங்கே யார் வென்றாரோ அவருடைய வரியை வைப்பாள், பஞ்சை எடுப்பாள். இன்றைக்கு மூன்று கோப்புகளையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு துண்டு மைசூர்பாகோடு சும்மா வாசித்தாள்.

சரத் நல்ல காரியம் செய்திருந்தார். இதுவரை பிரேக்குக்கு ஒன்று என்று அனுப்பினால் பிடிக்கும், சைபர் என்று அனுப்பினால் விடும். மின்சாரம் போனால் எல்லாம் சைபராகிவிடும், பிரேக் விட்டுவிடும். அதனால் தலைகீழாக மாற்றியிருந்தார். இனி சைபர் என்றால் பிடிக்கும், ஒன்று என்றால் விடும். கரண்ட் போனாலும் கூண்டு நிற்கும்.

ராஜப்பாவும் நல்ல காரியம்தான் செய்திருந்தார். இதுவரை கூண்டு உச்சிக்குப் போனதும் கீழே நிற்கும் ஆள் நெம்புகோலை இழுத்துப் பிரேக் பிடிப்பார். குழுவுக்கு முன்னால் அது அழகாக இருக்காது என்று, உச்சியில் கூண்டு தானாகவே நிற்கும்படி புதிதாக நான்கு வரி எழுதியிருந்தார். உச்சி வந்ததும் பிரேக்குக்கு ஒன்று என்று அனுப்பு. வினயும் தன் பங்குக்கு, உச்சிக்குப் போன அரை நொடியில் மோட்டார் நிற்கும்படி செய்திருந்தார். நெம்புகோலைக் கழற்றிப் பச்சைப் பெயிண்ட் அடித்து வராந்தாவில் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

ஐடா இன்னொரு முறை படித்தாள். உச்சியில் ஒன்று போகும். ஒன்று என்றால் இப்போது விடு. பிரேக் விடும். அரை நொடியில் மோட்டாரும் நிற்கும். அறுபது அடி.

மைசூர்பாகைக் கீழே வைத்தாள்.

ராஜப்பாவிடம் ஓடினாள். தன் கிளையைத் தனியாக ஓட்டிப் பார்த்ததாகவும், கூண்டு உச்சியில் பூ மாதிரி நின்றதாகவும் அவர் சொன்னார். சரத்திடம் போனாள். தன் கிளையும் தனியாக ஓடியது, அடுத்தவர் கோப்பைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது, நீயும் பார்த்திருக்கக் கூடாது என்றார் அவர். வினய், தன் அரை நொடி துல்லியமான அரை நொடிதான் என்று உறுதியளித்தார். மூவரும் சொன்னது உண்மை.

மனோகர் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே வரியில ரெண்டு பேர் கை வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வேற வேற கோப்பு."

"மெஷின் ஏதாச்சும் தப்புன்னு சொல்லிச்சா?"

"இல்ல சார்."

"யாருக்காவது அடிபட்டுதா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்புறம் எப்படிம்மா தப்பு வரும்? தப்பு இருந்தா ரத்தம் வந்திருக்கணும். பதினாலு மாசமா நாம அப்படித்தானே கண்டுபிடிக்கிறோம்?"

சரத் சாரின் கிளையை இன்று ஒருநாள் மட்டும் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்று ஐடா கெஞ்சினாள். பழைய பிரேக்கோடு ராஜப்பாவின் நான்கு வரி சரியாக ஓடும், நாளைக்கு இருவரும் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். இல்லாவிட்டால் கூண்டைக் காலியாகவாவது ஏற்றலாம். மனோகர் பொறுமையாகக் கேட்டார். ஒரு கிளையை விட்டால் மையத்தில் ஒற்றுமை இல்லை என்றாகும். காலிக் கூண்டு ஏறினால் சோதனை இல்லை என்றாகும். இரண்டையும் குழுவின் படிவத்தில் எழுத இடமில்லை.

"நீ சொல்றது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்றார் டையை இறுக்கியபடி. "முனிரத்தினம் அறுபது அடி. நம்ம மையம் அஞ்சு வருஷத் திட்டம். எதை எதோட ஒப்பிடறதுன்னு இருக்கு இல்லையா?"

முற்றத்தில், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண் மேட்டிலிருந்து காற்று தூசியை வாரிக்கொண்டு வந்தது. கூண்டுக்குச் சாமந்தி மாலை, முனிரத்தினத்துக்கும் சாமந்தி மாலை. அவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐடா கம்பியருகே போய்க் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே பிரேக் விடும், எவ்வளவு நேரத்தில் தரைக்கு வரும், ஒன்றையும் விடவில்லை.

அவர் மேலே கோபுரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"எறங்கிடுங்கண்ணா" என்றாள்.

"எறங்கினா மஸ்டர்ல பேரு கட் ஆயிடும்" என்றார். "மைன்ஸயும் மூடப்போறான்னு சொல்லிக்கினு கீறாங்க. எட்டாயிரம் அடி கீழ போய் முப்பது வருசம் ஏறி வந்துட்டேன் மா. இப்ப நீ சொல்லு, நான் எங்க எறங்கறது?"

கூண்டின் கதவை வெளியிலிருந்து சாத்திக் கொக்கி போட்டார்கள்.

புதிய கர்னல் வின்ச்சுக்குப் போக ஐடாவின் கடவுச்சொல் வேண்டும். அதை இயக்குநர் உட்பட வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்ற விதியை எழுதியது மனோகர்தான். கணினி முற்றத்தைப் பார்த்த ஜன்னலருகே இருந்தது. குழுவின் நால்வரும் பின்னால் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். ஐடா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையைத் தூக்கவில்லை.

மனோகர் குழுவைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு அவள் காதருகே குனிந்து, போடும்மா என்றார். அவள் திரையையே பார்த்தாள். கடவுச்சொல்லின் ஏழு எழுத்துகளும் விரல் நுனியில் நின்றன. இத்தனை நாளும் யோசிக்காமல் தட்டிய ஏழு எழுத்து. ஒன்பதரை மணிப் பட்டியல் போலத்தான் இதுவும். அங்கே மூன்று பேர், இங்கே ஒருவர். அங்கே மூக்கு, பல், தோள். இங்கே முழு ஆள். வித்தியாசம் அளவில்தானே என்று அவளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகச் சொன்னது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பல் விழுந்த நாளில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளச் சொன்ன அதே குரல்.

பராமரிப்பாளர்கள் எழுந்து வந்தார்கள். முன்னும் பின்னும் இல்லாமல் மூவரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையில் நின்றதை ஐடா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"என் கிளையை வெளியில தள்ளப் பாக்கறியா?" என்றார் சரத். பல் போன இடத்தில் காற்று வந்தது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மேஜைமேல் இருந்த பொருள் பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி அவள் முகத்தில் அறைந்தார். அது முந்நூறு பக்கப் பதிவேடு. நாற்காலியோடு அவள் சரிந்தாள். வினய் அவள் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினார். ராஜப்பா அவள் வலது கையைப் பிடித்து விசைப்பலகை மேல் வைத்து அழுத்தினார். அழுத்தியவர் சட்டென்று நினைவு வந்தவராக விரல்களில் மட்டும் பிடியைத் தளர்த்தினார். சுற்றறிக்கையை அவர் மதித்தார்.

வாசலில் சின்னசாமி பன்னீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். இரண்டடி உள்ளே வந்தான். மனோகர் ஒரு விரலைக் காட்டியதும் அங்கேயே நின்றான்.

குழுத் தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். வயதானவர், பல கமிட்டிகளைப் பார்த்தவர். "இதுதான் அந்தப் புகழ்பெற்ற முறையா?" என்று ஆவலாகக் கேட்டார். "கேள்விப்பட்டிருக்கேன். இன்னைக்கு இல்லைன்னு சொன்னாங்களே."

"தங்களுக்காகச் சிறப்பு ஏற்பாடு சார்" என்றார் மனோகர்.

குழு கைதட்டியது. இளைய உறுப்பினர் ஒருவர், பெண் ஊழியர்களுக்கும் சம வாய்ப்பு அளிக்கப்படுவது பாராட்டத்தக்கது என்று குறித்துக்கொண்டார்.

ஐடாவின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. சூடாக இருந்தது. உதட்டைத் தாண்டி, தாடையைத் தாண்டி, மேல்சட்டையில் இறங்கியது. அத்தனை பேருடைய ரத்தத்தைத் துடைத்திருக்கிறாள், அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. துடைக்கும்போதெல்லாம் ஆறிப்போயிருந்தது. வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் உள்ளே பேசிக்கொண்டிருந்த அந்தக் குரல் நின்றுவிட்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே முனிரத்தினம் கம்பியைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனோகர் மற்றவர்களை விலகச் சொன்னார். தன் கைக்குட்டையை எடுத்து உதறி நான்காக மடித்து அவளிடம் கொடுத்தார். மடிப்புக் கலையாத, ஓரத்தில் பெயரின் முதல் எழுத்து தைத்த கைக்குட்டை. அவர் குரலில் கோபமே இல்லை.

"பாரும்மா, உனக்கும் ரத்தம் வந்தாச்சு" என்றார். "முறைப்படி எல்லாம் முடிஞ்சுது. எல்லாருக்கும் திருப்தி. இப்பப் போடு."

அவள் கைக்குட்டையை வாங்கி மூக்கைத் துடைத்தாள். நாற்காலியை நேராக்கினாள். கணினிக்கு முதுகு காட்டி, கூண்டு தெரியும்படி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன் சார்" என்றாள்.